எழுத்து விழாத வெள்ளி

நாற்பத்தேழாம் வருஷக் கடைசியில் ஏசுஅடிமை மலேயாவிலிருந்து ஊர் திரும்பினார். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ்ஸில் நாகர்கோவில், பிறகு இரணியல். தலைச்சுமையாக ஒரு டிரங்குப் பெட்டி, கையில் கறுப்புக் குடை, பின்னால் மனைவி சத்தியபாய். இருபது வருஷம் வெளிநாட்டில் கிடந்த ஆள் கொண்டுவந்தது இவ்வளவுதானா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கொண்டுவராமல் விட்டது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து, ஆறு வயதில் காய்ச்சலில் செத்துப்போயிருந்தது. கனகபாய் என்று பேர். கனகு என்று கூப்பிடுவார்களாம்.

நான் அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர்கள் வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே சபை, ஒரே கோயில். அதனால் பழக்கமானோம். நான் இங்கே சொல்வதில் பாதி அவர் சொன்னது, பாதி சத்தியபாய் பிறகு சொன்னது. சிலவற்றை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஏசுஅடிமையின் தகப்பனார் பனையேறி. மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்ததால் மரத்தில் ஏற வேண்டியிருக்கவில்லை. மாமா ஒருவர் கூட்டிப்போக, மலேயாவில் கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாகச் சேர்ந்தார். தோட்டத்து ஆபீசில் பேர் பதிந்து கணக்கு எழுதுகிறவரை அங்கே கிராணி என்பார்கள். நல்ல கையெழுத்து, குடி கிடையாது, சண்டை கிடையாது. பலகை வீடு ஒன்றும் பின்பக்கம் கோழி வளர்க்க இடமும் கொடுத்திருந்தார்கள். ஒரு லீவில் ஊருக்கு வந்து சத்தியபாயைக் கட்டிக்கொண்டு போனார்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்குத்தான் இருந்தது. பழைய வெள்ளிகளைச் சேர்ப்பது.

மலேயாவில் நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்பார்கள். சம்பளம் இத்தனை வெள்ளி, அரிசி இத்தனை வெள்ளி என்றுதான் பேச்சு. ஆனால் அவர் சேர்த்தது புழக்கத்தில் இருந்த வெள்ளியை அல்ல. அதற்கு முந்திய காலத்தில் சீனாவுக்கும் மலேயாவுக்கும் வியாபாரத்துக்காக நம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்து அனுப்பிய கனத்த காசு. ஒரு பக்கம் சூலமும் கேடயமும் பிடித்து ஒருத்தி கடலோரத்தில் நிற்பாள். மறுபக்கம் சீன எழுத்தும் மலாய் எழுத்தும். செல்லாக்காசு ஆனபிறகு அடகுக்கடைகளில் வெள்ளி விலைக்குக் கிடந்தது. இங்கே மலேயாவுக்கு ஆள் போன வீடுகளில் சூலக்காரி வெள்ளி என்றார்கள். மண்டைக்காட்டம்மை என்று நினைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

ஏசுஅடிமை என்னிடம் முதல்முறை ஒரு காசை நீட்டியபோது கையில் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். சூலத்தின் நடுமுனையைப் பார்க்கச் சொன்னார். கடுகில் பாதி அளவுக்கு ஆங்கில ‘பி’ எழுத்து தெரிந்தது. பம்பாயில் அடித்ததற்கு அடையாளம் அது. கல்கத்தாக் காசு என்றால் சூலத்தில் ஒன்றும் இருக்காது, அவள் காலடியில் ‘சி’ இருக்கும். அபூர்வமாக லண்டனில் அடித்தது ஒன்றிரண்டு உண்டு, அதில் எந்த எழுத்தும் இல்லை. ஒரு வருஷத்து எண்ணின் மேலேயே இன்னொரு வருஷத்தைத் திருத்தி அடித்தது, எழுத்து சரிந்து விழுந்தது என்று வகைவகையாகக் காட்டிக்கொண்டே போனார். வேளைக்குக் கஞ்சி குடித்தாரா என்று சந்தேகப்படும்படி ஒல்லியான மனுஷன். காசைக் கையில் எடுத்தால் முகமே வேறாகிவிடும்.

கடைசியாக ஒன்றை எடுத்தார். பம்பாயில் மட்டுமே காசு அடித்த ஒரு வருஷத்துக் காசு அது. ஆனால் சூலத்தில் எழுத்து இல்லை. தேய்ந்து போனதல்ல, விழவே இல்லை. அச்சில் தூசி அடைத்திருக்கலாம், அடித்தவன் கண் அசந்திருக்கலாம் என்றார். அதற்கு அவர் வைத்த பேர் மொட்டை. இப்படி இன்னொன்று உலகத்தில் இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது என்றும், பினாங்கில் காசு விற்கும் கிழட்டுச் சீனன் ஒருவனும் கண்டதில்லை என்று சொன்னதாகவும் சொன்னார்.

மலேயாவில் சேர்த்த வெள்ளி எல்லாம் போய்விட்டது என்றுதான் சத்தியபாய்க்கு அவர் சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் வந்த மாதமே பயந்துபோய் மொத்தத்தையும் ஆற்றில் கொட்டிவிட்டதாகச் சொன்னாராம். அவளும் நம்பினாள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பட்டாளம் தேடித் திரிந்த காலம். ஒளித்து வைத்தவன் என்று பிடிபட்டவனுடைய தலை பாலத்தடியில் கம்பில் குத்தியிருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். பாவம், ஆசையாகச் சேர்த்ததை இழந்த மனுஷன் என்று அவளுக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது.

ஊருக்கு வந்தபிறகு திங்கள்சந்தையில் ஒரு கொப்பரை மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனார். மறுபடி வெள்ளி சேர்க்கத் தொடங்கினார். தக்கலை, வில்லுக்குறி, இரணியல் பக்கம் மலேயா போய்வந்த வீடுகள் நிறைய இருந்தன. ஆனால் பானைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கிடந்த வெள்ளி ஆண்களிடம் இல்லை, பெண்களிடம்தான் இருந்தது. அவர்கள் ஒரு ஆம்பிளையிடம் எடுத்துக் காட்டமாட்டார்கள். ஆகவே சத்தியபாய் போனாள். வெயிலில் நடந்து, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து, பேசிப் பழகி வாங்கிக்கொண்டு வருவாள். எந்தக் காசை எடுக்கலாம், எதை விடலாம் என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். சீன வியாபாரிகள் முத்திரை குத்தியது வேண்டாம். கழுத்தில் போட வளையம் ஒட்டியது வேண்டாம். புளி போட்டு விளக்கியது வேண்டவே வேண்டாம்.

வில்லுக்குறிக்கு அப்பால் ஒரு பெண். அவளுடைய புருஷனை மலேயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். போனவன் வரவில்லை. யுத்தத்துக்கு முந்தி அவன் கொடுத்தனுப்பிய ஒற்றை வெள்ளியை அரிசிப்பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். சத்தியபாய் மூன்று தடவை போயும் கொடுக்கவில்லை. நான்காம் தடவை, பானையில் அரிசி இல்லை, இனி காசு மட்டும் எதற்கு என்று தானே எடுத்துக் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்த சத்தியபாயால் சோறு உண்ண முடியவில்லை. ஆனால் ஏசுஅடிமை அந்தக் காசைக் கண்ணாடியில் பார்த்து, சூலத்தில் எழுத்து சற்றே சரிந்திருக்கிறது என்று கண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளும் சமாதானப்பட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவர் சிரிப்பதற்கு வேறு என்ன இருந்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இப்படிச் சேர்ந்த காசுகளோடு கூட, ஒன்றிரண்டாக, மலேயாவில் ஆற்றில் போட்டதாகச் சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த காசுகளையும் அவர் பிஸ்கோத்து டின்னுக்குள் கலந்து வைத்துக்கொண்டே வந்தார். அவளுக்கு எழுத்துப் பார்க்கத் தெரியுமே தவிர, எந்தக் காசு எந்தக் காசு என்று அடையாளம் தெரியாது. மொட்டையைக்கூட இங்கே யாரிடமோ வாங்கியதாகத்தான் நினைத்திருந்தாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதம் என்று ஞாபகம். திருவனந்தபுரத்திலிருந்து கேசவபிள்ளை என்று ஒருவர் வந்தார். கஜானாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காசு சேர்க்கிறவர். ஏசுஅடிமையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, கன்னியாகுமரிக்குக் குளிக்கப் போகிற வழியில் இறங்கினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தன் காசை மெச்ச ஒருவர் இவ்வளவு தூரத்திலிருந்து வந்ததில் ஏசுஅடிமைக்குத் தலைகால் புரியவில்லை. வெளுத்த வேட்டி கட்டி, மேஜையில் சிவப்புத் துணி விரித்து, காசுகளை வருஷவாரியாக அடுக்கினார்.

கேசவபிள்ளை நல்ல மனுஷர். ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து எடுத்து, பார்த்து, மெதுவாக வைத்தார். மொட்டையை மட்டும் பூதக்கண்ணாடியில் மறுபடி மறுபடி பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். பினாங்கில், முப்பத்தெட்டில் என்றார் ஏசுஅடிமை. அப்படியானால் ஜப்பான்காரன் காலம் முழுக்க இதை எப்படிக் காப்பாற்றினீர் என்று அவர் வியந்து கேட்டார்.

ஏசுஅடிமை அந்த நிமிஷம் வேறு எதையும் நினைக்கவில்லை. எதிரில் இருந்தவரும் கையில் இருந்த காசும்தான். கோழிக்கூட்டுக்கு அடியில் முழங்கை ஆழத்தில் குழி தோண்டி, ரப்பர் ஷீட்டில் பொதிந்து புதைத்த கதையைச் சொன்னார். மேலே கோழி எச்சம் கிடந்ததால் பட்டாளத்துக்காரன் குனியக்கூட இல்லை என்றார். ஆறு வருஷம், ஒன்றுகூடக் குறையவில்லை, கப்பலேறுவதற்கு முந்தின நாள் தோண்டி எடுத்தேன் என்றார்.

சத்தியபாய் காப்பியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அவள் வந்து தம்ளர்களை மேஜையில் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. விருந்தாளியிடம் சீனி போதுமா என்று கேட்டாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். அவள் திரும்பிப் போகும்போதுதான் ஏசுஅடிமை நிமிர்ந்து பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. கேசவபிள்ளை நல்ல விலை சொன்னார். இவர் விற்க மனமில்லை என்று மட்டும் சொல்லி, காசுகளைக் காகிதத்தில் பொதியத் தொடங்கினார்.

கனகு செத்த கதையை அதற்கு முன்பே நான் கேட்டிருந்தேன். நாற்பத்துநாலில் தோட்டம் முழுக்கக் குளிர்காய்ச்சல். ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடித்த நோட்டுக்கு மதிப்பில்லை. ஒரு மூட்டை நோட்டுக்கு ஒரு கூடை மரச்சீனிக்கிழங்கு கிடைத்தால் அதிகம். அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை ஒரே ஒரு சீனன் மருந்துக்கடையில் ஒளித்து விற்றான். தங்கமோ வெள்ளியோ கொடுத்தால்தான் தருவான். சத்தியபாய் முதலில் கம்மலைக் கொடுத்தாள், பிறகு தாலியாகக் கழுத்தில் கிடந்த மின்னைக் கொடுத்தாள். காய்ச்சல் விட்டது. மறுபடி வந்தது. வீட்டில் இனி ஒரு மணி தங்கம் இல்லை, வெள்ளி இல்லை என்று ஏசுஅடிமை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் வேப்பம்பட்டைக் கஷாயம் கொடுத்தாள். பிள்ளை அவள் மடியில்தான் போனது. கஷாயத்தைச் சரியாகக் காய்ச்சவில்லையோ, கொஞ்சம் முந்திக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தனை வருஷமும்.

கேசவபிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் ஏசுஅடிமையும் திரும்பி வந்தோம். நான் என் வீட்டுக்குப் போகத்தான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உள்ளே சத்தியபாய் மேஜைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“கனகு காய்ச்சல்ல கெடந்தப்ப அது கூட்டுக்கு அடியிலதான இருந்து?” என்று கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒண்ண வெளிய எடுத்தா மிச்சம் எங்கன்னு கேப்பான். காட்டிக் குடுக்க ஆளு இருந்து. ஜப்பான்காரன் தலைய வெட்டியிருப்பான். நீயும் பாத்திருக்கியே.”

“பாத்திருக்கேன்.” துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். “எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கொண்டு போயிருப்பேனே. எனக்க தலைதானே போயிருக்கும்.”

அவர் சொன்ன பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் எல்லாருமே அப்படிப் பயந்தார்கள். ஆனால் அது முழுவதும் பயம் அல்ல என்று அவளுக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை. மணவாளக்குறிச்சியில் இருந்த அண்ணன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பின்னால் கோயிலுக்கு நடந்தாள். பேச்சு மட்டும் சுருங்கிப்போனது. வெள்ளி கேட்டு எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வந்து, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைக்குமா என்று கேட்டாள். பிள்ளைகள் வார்டில் வேண்டும் என்றாள். நான் பெரிய நர்ஸம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

மற்ற ஆயாக்கள் மருந்தை ஊற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இவள் பிள்ளை விழுங்கும்வரை நிற்பாள். துப்பினால் மறுபடி என்னிடம் வந்து வாங்கிப் போவாள். வேறு வித்தியாசம் எதுவும் நான் காணவில்லை. யாரிடமும் தன் கதையைச் சொன்னதுமில்லை.

ஐம்பத்துமூன்றில் ஏசுஅடிமைக்கு இருமல் கண்டது. கொப்பரைத் தூசி என்று நினைத்திருந்தார். துண்டில் ரத்தம் கண்டபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். க்ஷயம். முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அப்போது புதிதாக ஊசிமருந்து வந்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின். போட்டால் பிழைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் போட வேண்டும், மருந்தை நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு ஆயாவும் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை அல்ல அது. டாக்டர் விலையைச் சொன்னபோது சத்தியபாயும் பக்கத்தில் நின்றாள்.

நான்தான் ஏசுஅடிமையிடம் போய்ப் பேசினேன். திருவனந்தபுரத்துக்காரருக்கு ஒரு கடிதம் போட்டால் நாளைக்கே வந்து வாங்கிக்கொள்வார் என்றேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். டின் தலைமாட்டில் இருந்தது.

“நீரு சொல்லுகது செரிதான் கம்பவுண்டரே. கை வரல்ல.”

“உமக்க உயிருக்காகத்தானே ஓய்?”

“எனக்காகன்னாலும் கை வரல்ல.”

நடிப்பதுபோல் தோன்றவில்லை. கண்ணில் நீர் வந்தது. தனக்குப் பிறகு அதை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், தன் கண் திறந்திருக்கும்வரை அது போகக்கூடாது என்று கெஞ்சினார்.

இதை நான் சத்தியபாயிடம் சொன்னேன். அவள் வார்டின் பின்னால் தொட்டியில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அவர் தன் உயிரைப் பெரிதாக நினைத்து மகளை விட்டுவிட்டார் என்று எண்ணியிருந்ததாகச் சொன்னாள். அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறது என்றாள். அவருக்கு மகளும் பெரிதில்லை, அவரும் பெரிதில்லை. அதைக் கேட்டு மனசு ஆறியதா இன்னும் கசந்ததா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. அவர் மெலிந்துகொண்டே போனார். சாகட்டும் என்று இருந்தேன் என்று பிறகு என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். ஒரு காலையில் அவர் மூச்சிரைத்துத் தூங்கும்போது டின்னை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவிலுக்குத் துணைக்கு வரமுடியுமா என்றாள்.

பஸ்ஸில் நான் கேட்டேன், ஏன் மனசு மாறியது என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மருந்துக்கு வழி இருந்தும் குடுக்காம விட்டாருன்னு அவர நான் சொல்லுகேன். அதே பேச்ச நாளைக்கு என்ன ஆரும் சொல்லக்கூடாது. நானே என்னச் சொல்லக்கூடாது.”

வடசேரியில் தாணு ஆசாரியின் கடை. வெள்ளி வாங்குவார், உருக்குவார், கொலுசும் அரைஞாணும் செய்வார். டின்னைத் திறந்து பார்த்ததும் அவருக்கே திகைப்பு. அம்மா, இது பழைய வெளிநாட்டு வெள்ளி, தூக்கத்துக்கு, எடை விலைக்குக் கொடுப்பதைவிடக் காசு சேர்க்கிறவர்களிடம் கொடுத்தால் கூடுதல் கிடைக்கும் என்று நியாயமாகச் சொன்னார். நானும் கேசவபிள்ளை பேரைச் சொன்னேன். அவர் பத்திரமாக வைத்திருப்பார், விலையும் அதிகம் தருவார் என்றேன்.

“வேண்டாம்,” என்றாள் சத்தியபாய். “தூக்கத்துக்குப் போதும். ஊசிக்குக் காணும்.”

ஆசாரி தராசில் போட்டு நிறுத்தார். பணத்தை எடுத்து வைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

“இப்ப உருக்குங்கோ. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்.”

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல. அவர் உருக்கும் மூசையை எடுத்து அடுப்பில் வைத்து, கடைப் பையனைத் துருத்தி ஊதச் சொன்னார். கரி சிவந்தது. காசுகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு வெங்காரம் தூவினார். வெள்ளி உடனே உருகிவிடாது. முதலில் சிவக்கும். ஓரம் மழுங்கும். பிறகு சட்டென்று இளகிச் சரியும். சூலமும் எழுத்தும் சூலக்காரியும் ஒன்றாகப் போய்விடும். ஈடு ஈடாக அச்சில் ஊற்றினார். மொட்டை எந்த ஈட்டில் போனது என்று எனக்குத் தெரியாது. வில்லுக்குறிக்காரியின் வெள்ளியும் அதற்குள்தான். கடைசி ஈடு ஊற்றி முடியும்வரை சத்தியபாய் அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வெளியே வந்ததும் தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போனோம்.

வெறும் டின்னை அவள் தலைமாட்டிலேயே திரும்ப வைத்தாள், அதைத் திறந்து பார்க்கும் தெம்பில்லாமல் கிடந்தவரை அன்றே வார்டில் சேர்த்து ஊசி போட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டால், சபையில் உதவினார்கள் என்று சொல்லும்படி என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் சொன்னேன். க்ஷயரோக வார்டில் பல மாதம் கிடந்தார். காய்ச்சல் நின்றது, இருமல் குறைந்தது, உடம்பில் சதை பிடித்தது. டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலைமாட்டைப் பார்த்தார். டின் அங்கேதான் இருந்தது. அவள் அதில் அரிசி முறுக்கு போட்டு வைத்திருந்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார்.

“பிள்ளைவாளுக்குக் குடுத்தியா?” என்று கேட்டார். குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. எங்காவது இருக்குமே என்ற நம்பிக்கை.

“இல்ல. உருக்கியாச்சு.”

“மொட்டையுமா?”

“எல்லாந்தான்.”

அவர் அவளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். முன்பு அவள் பேச்சைக் குறைத்தாள். இப்போது அவர் அடியோடு விட்டார். ஏதாவது வேண்டுமென்றால் தம்ளரைத் தரையில் தட்டுவார். என்னிடம் பேசுவார். திங்கள்சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்குச் சின்னக் கணக்கு எழுதிக் கொடுத்து, கிடைத்ததை அவள் கையில் தராமல் அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் ஒருமுறை பொறுக்கமுடியாமல், உம்மைப் பிழைக்க வைத்தவளிடம் இதுவா நியாயம் என்று கேட்டேன். பிழைக்க வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே என்றார். அப்போது அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. பிறகும் அது முழுதாகப் போகவில்லை. ஆனால் கடைவீதியில் யாராவது சில்லறை எண்ணும் சத்தம் கேட்டால் அவர் தலை தானாகத் திரும்புவதையும், அடுத்த கணம் கண்ணைத் தரையில் போட்டுக்கொள்வதையும் பார்த்தபோது பரிதாபமாகவும் இருந்தது.

அந்த ஊசியை மட்டும் தனியாகப் போட்டால் சிலருக்கு நோய் திரும்பும், திரும்பினால் அந்த மருந்து பிறகு கேட்காது என்பது அப்போது எங்களுக்கு முழுசாகத் தெரியாது. ஐம்பத்தாறு ஆடியில் மறுபடி ரத்தம் வந்தது. இம்முறை டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். விற்பதற்கும் வீட்டில் ஒன்றுமில்லை. சத்தியபாய் பகலில் வார்டுக்குப் போய்விட்டு வந்து அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, சளிச் சட்டியை வெந்நீரில் கழுவினாள். அவர் பேசாமலே கிடந்தார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். திருவிதாங்கூரின் தமிழ்ப் பக்கம் மதராஸோடு சேர்ந்துவிட்டது என்று சந்தைப் பக்கம் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். சத்தியபாய் அவருக்கு முதுகில் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

“அவ எந்தக் கெழமை போனா?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலையணையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். எந்தக் காசு எந்த ஊரில் எந்த வருஷத்தில் வாங்கியது என்று ஒன்று விடாமல் சொல்லக்கூடிய மனுஷன் அவர்.

“வியாழக்கெழம,” என்றாள். “மழ பெய்துகிட்டு இருந்து. நீங்கதான் குழி வெட்டினிய.”

“வெட்டினேன். கெழம ஓர்மை வரல்ல,” என்றார். தலையணையில் சாய்ந்துகொண்டு, “சொல்லியிருக்கலாம் உங்கிட்ட,” என்றார்.

அவள் கஞ்சி ஆறுகிறது என்றாள். இரண்டு கரண்டி குடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிப்பதற்கு முன்னால் செத்துப்போனார்.

கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக இடம் கொடுத்தார்கள். சிமெண்டில் ஒரு சின்னப் பலகை வைக்கச் சத்தியபாய் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்தாள். அவர் பேருக்குக் கீழே மகள் கனகபாய் என்றும் எழுத வேண்டும் என்றாள். இங்கே அடக்கம் செய்யாத பிள்ளையின் பேரை எப்படி எழுதுவது என்று உபதேசியார் யோவான் தயங்கினார். எங்கள் சபையில் வழக்கமில்லை என்றார்.

“அங்க ரப்பர் மரத்துக்கு அடியில ஒரு அடையாளமும் இல்லாம கெடக்கா. இங்கயாவது பேரு இருக்கட்டும் உபதேசியாரே,” என்றாள்.

அவர் சரி என்றார். கொத்தனார் இரண்டு பேரையும் எழுதினார். மறுநாள் அவள் எப்போதும்போல் ஏழு மணிக்கு வார்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளை மருந்தைத் துப்பிவிட்டது என்று கிண்ணத்தை நீட்டி, இன்னொரு அவுன்ஸ் கலந்து தரச் சொன்னாள்.